தண்ணி வந்த வழியே ஒரு வேன் பயணம்

கேரவன் என்றால் நம்மில் பலருக்கு சினிமா ஷூட்டிங்தான் ஞாபகத்துக்கு வரும். நடிகை உள்ளே உட்கார்ந்து மேக்கப் போட்டுக்கொள்வார், ஏ.சி. ஓடும், வெளியே கூட்டம் நிற்கும். அமெரிக்காவிலோ கணவனும் மனைவியும் ரிட்டயர் ஆனதும் அப்படி ஒரு வண்டியை வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். ராத்திரி அரசாங்கப் பூங்காவில் வாடகை கட்டி வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். கரண்ட், தண்ணீர்க் குழாய், குளியலறை எல்லாம் அங்கேயே உண்டு. பக்கத்துக் கேரளாவில்கூட 2021-ல் அரசாங்கம் கேரவன் சுற்றுலா என்று ஒரு திட்டம் அறிவித்து, மறு வருஷமே வாகமண் மலையில் அதற்கென்று ஓர் இடம் திறந்தார்கள். அதெல்லாம் நம் கைக்கு எட்டுகிற காரியமில்லை என்று படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைக்கிறவள்தான் நானும்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய மாருதி ஆம்னி வேன். 2019-லேயே கம்பெனி இந்த வண்டி தயாரிப்பதை நிறுத்திவிட்டது. என் கணவர் மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்பவர். பாகூரைச் சுற்றியுள்ள கழனிகளில் மோட்டார் நின்றால் இவருக்குத்தான் ஆள் வரும். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, சாமான் போட்டுக்கொண்டு போவார். அந்த வேனில்தான் 2025 மாசி மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ராத்திரி வெளியே தங்கிவிட்டு வந்தோம். போன இடம் ஊட்டியோ கொடைக்கானலோ இல்லை. சாத்தனூர் அணை.

ஏன் சாத்தனூர் என்று கேட்பீர்கள். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. அந்த மழைக்கே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அது வடிய ஆரம்பித்து, அப்பாடா என்று அடுப்படியைக் கழுவிவிட்ட பிறகுதான் இரண்டாவது தண்ணீர் வந்தது. அது வானத்திலிருந்து வந்த தண்ணீர் இல்லை, தென்பெண்ணையில் வந்த தண்ணீர். டிசம்பர் 2-ம் தேதி விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். செம்மண் நிறத்தில், சேறும் செத்தையுமாக வீட்டுக்குள் வந்தது. கிரைண்டர், மெத்தை, பெண்ணின் புத்தகங்கள், அரிசி மூட்டை எதுவும் மிஞ்சவில்லை. என் மாமியாரைப் பக்கத்து மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் வாயில் வரும் முதல் பேர் சாத்தனூர்தான். ஆனால் அதைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் ஒருத்தர்கூட இல்லை. நான் ஒருநாள் ஆத்திரத்தில், "என்னங்க, என் வீட்டுக்குள்ள வந்த தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு நான் பார்க்கணும்" என்று சொன்னேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "போவலாம். ஆத்தோரமாவே போயி, ராத்திரி வண்டியிலயே தங்கிட்டு வரலாம்" என்றார்.

கிளம்புவதற்கு முன் நான் மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, வேனில் போய் அங்கேயும் நானே ஆக்கி நானே கழுவுவதாக இருந்தால் நான் வரவில்லை. இரண்டு, ராத்திரி தங்கும் இடத்தில் பெண் பிள்ளை துணை இருக்க வேண்டும், ஆள் அரவமில்லாத இடத்தில் நிறுத்தக் கூடாது. மூன்றாவது கக்கூஸ். ஆண்களுக்கு எந்தப் புளியமரத்தடியும் போதும். நாம் வெளியே கிளம்பினால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வாய் வறண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதனால் எங்கே டீ குடிக்கலாம், எங்கே கோயில் பார்க்கலாம் என்று வழி போடாமல், எங்கெங்கே நல்ல கழிப்பறை இருக்கும் என்று பார்த்து வழி போட்டோம். விழுப்புரத்தில் பெட்ரோல் பங்க், திருக்கோவிலூரில் கட்டணக் கழிப்பறை, அணையில் பூங்கா. சிரிப்பாக இருக்கும், ஆனால் அன்றைக்கு நான் வழி நெடுக இளநீர் குடித்துக்கொண்டே போனேன்.

வேனுக்குள் இரண்டு பலகையை சேர்த்துப் போட்டு, அதன்மேல் கோரைப்பாயும் பழைய ஜமுக்காளமும் விரித்தோம். பலகைக்கு அடியில் தண்ணீர் கேன், ஐந்து கிலோ காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, ஒரு குக்கர், ஒரு வாணலி. ஜன்னல் இரண்டுக்கும் கொசுவலைத் துணியை வெட்டி, ஓரத்தில் காந்தம் வைத்துத் தைத்தேன். வெளியே தகரத்தில் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியை இறக்கிவிட்டுப் படுக்கலாம். இந்த யோசனை என்னுடையது. கட்டுச்சோறாக நல்லெண்ணெய் தூக்கலாகப் போட்ட புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வாழை இலையில். தோசை மாவு கொண்டுபோகலாம் என்று மாமியார் சொன்னார். வெயிலில் வண்டிக்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும் என்று நான் எடுக்கவில்லை. அவரும், "பசங்களை நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். தண்ணீரில் அவரைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அத்தை கொஞ்சம் மாறித்தான் போயிருக்கிறார்.

இப்படிப் போக நினைக்கும் தோழிகளுக்கு ஒரு விஷயம். அடுப்பைக் கட்டாயம் வண்டிக்கு வெளியேதான் பற்றவைக்க வேண்டும். கொசுவர்த்தி, கரி அடுப்பு எதையும் மூடின வண்டிக்குள் வைக்கக் கூடாது. ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவி இருவரும் போய்விட்டார்கள். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அத்தனை லட்ச ரூபாய் வண்டிக்கே அந்தக் கதி.

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். முதலில் நிறுத்தியது சொர்ணாவூர் அணைக்கட்டு. எங்கள் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டின வாய்க்கால் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூருக்குப் பேர் வந்ததற்கு இந்த ஏரியும் வாய்க்காலும்தான் காரணம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஏரிக்கரையில் நடக்கிறேன், அதன் தலைமாட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆற்றில் அப்போது தண்ணீர் கொஞ்சம்தான், மணல் திட்டும் நாணலுமாகக் கிடந்தது. வெள்ளம் போன உயரத்துக்குக் கரையோர மரக்கிளைகளில் பிளாஸ்டிக் பையும் துணியும் தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து விழுப்புரம் போய், மாம்பழப்பட்டு வழியாகத் திருக்கோவிலூர் ரோட்டைப் பிடித்தோம். இடது கைப்பக்கம் எங்கோ ஆறு கூடவே வருகிறது, ஆனால் கண்ணில் படாது. அரகண்டநல்லூரில்தான் மறுபடி பார்த்தோம். பாலத்தைத் தாண்டினால் திருக்கோவிலூர். ஆற்றின் நடுவே ஒரு பாறை, அதன்மேல் சின்னக் கோயில். கபிலர் குன்று என்கிறார்கள். பாரி மன்னன் இறந்த பிறகு அவன் பெண்கள் இருவரையும் கரை சேர்த்துவிட்டு, கபிலர் உயிர் விட்ட இடமாம். எத்தனை வெள்ளம் பார்த்த பாறையோ! உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு, படித்துறைப் பக்கம் நிழலில் வண்டியை நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். கை கழுவி, பாத்திரம் கழுவி வைத்தது அவர். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடுத்து வச்சவம்மா நீ" என்றார். ஒரு டம்ளர் கழுவினதற்கே இந்தப் பேர்!

மணலூர்ப்பேட்டையில் மறுபடி ஆற்றைத் தாண்ட வேண்டும. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையாரே இங்கே தீர்த்தவாரிக்கு வருகிறார். அதே நாளில் எங்கள் சோரியாங்குப்பத்திலும் ஆற்றுத் திருவிழா, அதே ஆறு. மேலே ஒரு கூட்டம் கும்பிடுகிறது, கீழே ஒரு கூட்டம் கும்பிடுகிறது. தண்டராம்பட்டு பக்கம் போகும்போது, அகரம்பள்ளிப்பட்டில் உடைந்துபோன பாலத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஏறக்குறைய 16 கோடி ரூபாயில் கட்டி 2024 செப்டம்பரில் திறந்த பாலம், மூன்றே மாதத்தில் டிசம்பர் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதைப் பார்த்த பிறகு என் கிரைண்டர் போனதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அணைக்குப் போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. பாகூரிலிருந்து எங்கள் வழியில் 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மலைகளுக்கு நடுவே ஆற்றை மறித்துக் கட்டியிருக்கிறார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1958-ல் முடிந்த அணை. 119 அடி வரை தண்ணீர் நிறுத்தலாம். பூங்கா, குழந்தைகள் விளையாடும் இடம், குரங்குகள், வெளியே வரிசையாக மீன் வறுவல் கடைகள். பழைய சினிமாக்களில் பாட்டு எடுத்த இடமாம், நமக்கு மரத்தடி நிழல்தான் பெரிதாகத் தெரிந்தது.

முதலைப் பண்ணையில் எனக்கு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கரையில் கட்டை கட்டையாக வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கின்றன. பெண் முதலை மண்ணைத் தோண்டி முட்டை இட்டு மூடிவிட்டு, இரண்டு மாதம் காவல் இருக்குமாம். குஞ்சுகள் உள்ளேயிருந்து சத்தம் கொடுத்ததும் மண்ணைத் தோண்டி, அந்தப் பயங்கர வாயிலேயே பதமாகக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டை கிடக்கும் மண்ணின் சூட்டைப் பொறுத்ததாம். பொட்டைப் பிள்ளை பெற்றாள் என்று முதலை வீட்டில் மருமகளை யாரும் குறை சொல்ல முடியாது!

இருட்டும் நேரத்தில் பூங்காவிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். உள்ளே வண்டி நிறுத்தித் தங்க வழி இல்லை. இது முன்பே எதிர்பார்த்ததுதான். மதியம் மீன் வாங்கின கடையில் நான் பேச்சுக் கொடுத்து வைத்திருந்தேன். கடைக்காரப் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். "கடைக்குப் பின்னாலதான் எங்க வூடு. வேலிக்குள்ள நிறுத்திக்கோங்கக்கா, பாத்ரூமும் இருக்கு" என்றாள். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் வீட்டு மோட்டார் ஒன்று மக்கர் செய்துகொண்டிருந்ததை இவர் டார்ச் வெளிச்சத்தில் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். இவர் எங்கே போனாலும் மோட்டார்தான்.

ராத்திரிச் சாப்பாடு குக்கரில் சாதம், அவள் கொடுத்த மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டு நானும் அவளும் திண்ணையில் உட்கார்ந்தோம். நான் பாகூர் என்று சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கும் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள். அந்த டிசம்பர் ராத்திரி தூங்கவே இல்லையாம். ஊத்தங்கரைப் பக்கம் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அந்தத் தண்ணீரெல்லாம் பாம்பாறு வழியாக அணைக்குத்தான் வர வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தண்ணீரும் வருகிறது. "ஷட்டரைத் தூக்கினதும் நெலமே அதிருச்சுக்கா. இது எங்க போயி யாரை அடிக்கப் போவுதோன்னு எங்கம்மா சூடம் ஏத்தினாங்க" என்றாள். எங்களைத்தான் அடித்தது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

நான் பத்தாவது வரை படித்தவள். கன அடி என்று டி.வி.யில் சொல்லும்போதெல்லாம் ஏதோ பெரிய கணக்கு என்று விட்டுவிடுவேன். அன்றைக்கு அவள் பிள்ளையின் நோட்டை வாங்கி, இவரிடம் கேட்டுக் கேட்டு நானே கணக்குப் போட்டேன். ஒரு கன அடி என்றால் 28 லிட்டருக்குச் சற்று மேலே. நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு குடம் என்று வையுங்கள். ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி என்றால் ஒவ்வொரு நொடிக்கும் மூன்றேகால் லட்சம் குடத்துக்குக் குறையாது. கண்ணைச் சிமிட்டுவதற்குள் மூன்றேகால் லட்சம் குடம்! அணை முழுசும் நிறைந்தால் 732 கோடி கன அடி பிடிக்கும். அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால், ஒரு சொட்டுக்கூட இல்லாத காலி அணையே 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அன்றைக்கோ அணை ஏற்கெனவே நிரம்பும் தறுவாயில் இருந்தது. நிறுத்தி வைக்க இடம் ஏது?

இதனால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீரை நிறுத்த முடியாது, ஆனால் சேதியை முன்னாலேயே அனுப்ப முடியும் இல்லையா? புயலில் கரண்ட் போய், செல்போன் சார்ஜ் இறங்கிக் கிடக்கும் ஊரில், நடுராத்திரி டி.வி.யில் ஓடும் எழுத்தை யார் படிப்பார்கள்? எங்கள் தெருவுக்கு வந்து "சாமான்களை மேலே ஏற்றுங்கள்" என்று வாயால் ஒருத்தர் சொல்லியிருந்தால், அத்தனை பேர் அரிசியும் தப்பியிருக்கும். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து உள்ளே போய் போனை எடுத்து வந்தாள். "உங்க நம்பர் சொல்லுக்கா. நான் இங்கதானே கெடக்கறேன். தொறந்தா எனக்குத் தெரியாமப் போவாது" என்றாள்.

வேனில் தூக்கம் எப்படி இருந்தது என்று பலரும் கேட்டார்கள். பலகை கொஞ்சம் கடினம்தான், விடிகாலையில் நல்ல குளிர். பதினாலு வருஷ தாம்பத்தியத்தில் பிள்ளைகள் நடுவில் இல்லாமல், டி.வி. சத்தம் இல்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டே படுத்திருந்தது எத்தனை ராத்திரி என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும். வெள்ளத்தில் போன சாமானுக்கு வட்டிக்கு வாங்கியிருந்த பணம் எவ்வளவு என்பதை அன்று ராத்திரிதான் அவர் முழுசாகச் சொன்னார். வீட்டில் என்றால் "பாத்துக்கலாம்" என்று எழுந்து போயிருப்பார். வேனில் எழுந்து போக இடம் இல்லையே! என் சீட்டுப் பணம் அடுத்த மாதம் எடுத்தால் பாதி அடைத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

காலையில் அவர் கிண்டின ரவை உப்புமா அடி பிடித்திருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். திரும்பும்போது திருவண்ணாமலை, விழுப்புரம் என்று பெரிய ரோட்டிலேயே வந்து, பொழுதிருக்கவே வீடு சேர்ந்தோம். பெட்ரோல், மீன், இளநீர், டிக்கெட், டோல் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது. இரண்டு பேர் லாட்ஜில் ஒரு நாள் தங்கினாலே அது போதாது.

அந்தப் பெண் சொன்னதுபோலவே செய்கிறாள். 2025 ஐப்பசியில் இரண்டு தடவை போன் வந்தது. "அக்கா, இங்க மேல பேய் மழை. இன்னும் தொறக்கல. ஆனா சாமானை ஏத்தி வச்சிடுங்க." நான் உடனே அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். முதல் தடவை இரண்டு வீட்டில் சிரித்தார்கள். இரண்டாம் தடவை நான் போவதற்குள் அவர்களே வாசலுக்கு வந்து, "சாத்தனூர்லேருந்து போன் வந்துச்சா?" என்று கேட்டார்கள்.

இவர் இப்போது அடுத்து கிருஷ்ணகிரி அணை, அதற்கும் மேலே ஆறு பிறக்கும் நந்தி மலை என்று பேச ஆரம்பித்திருக்கிறார். முதலில் வேன் சைலன்சரை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, பாகூர்.